தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்: காரின் மைலேஜை அளந்து கூட்டும் முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வாரத்தில் ஐந்து நாள் காரில் போய் வருகிறேன். போக 50, வர 50 என்று தினம் 100 கிலோமீட்டர், மாதம் 2200. வண்டி பத்து வருடப் பழசு, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர். ஒரு காலத்தில் 18 கொடுத்த வண்டி மெல்ல மெல்ல இறங்கி 15.4க்கு வந்து நின்றது. கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்: ஏர் ஃபில்டர் மாற்று, பிளக் மாற்று, டேங்கில் ஒரு மருந்து ஊற்று, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஓபிடி போர்ட்டில் ஒரு சிப் சொருகு. நான் கடைசியில் செய்தது ஒரு 40 பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் வைத்ததுதான். இன்று அதே வண்டி 18.2 கொடுக்கிறது. மாதம் 22 லிட்டர் மிச்சம், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 2200 ரூபாய். அதற்கு என்னென்ன செய்தேன், எது வீண், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று முழுசாக எழுதுகிறேன்.

வரிசை ரொம்ப முக்கியம். அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டயர் காற்று, பிளக், ஆயில் மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு மைலேஜ் ஏறினால், எது ஏற்றியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை மூன்றுக்கும் திரும்பப் பணம் கட்டுவீர்கள்.

படி 1: நோட்டும் ஃபுல் டேங்கும்

டேஷ்போர்டில் வருகிற மைலேஜ் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என் நண்பர்கள் வண்டிகளில் ஒப்பிட்டுப் பார்த்தவரை அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது. ஃபுல் டேங்க் முறைதான் நிஜம். பங்கில் ஃபுல் டேங்க் போட்டு, நாசில் முதல் தடவை தானாக 'டக்' என்று கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யம் ஆக்குங்கள். டேங்க் கால்வாசிக்கு வரும் வரை ஓட்டுங்கள். மறுபடி அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்க, முதல் 'டக்'கில் நிறுத்துங்கள். ஓடிய கிலோமீட்டரை இந்தத் தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். 486 கிலோமீட்டர், 28.6 லிட்டர் என்றால் 17.

அதே பம்ப் ஏன் என்று கேட்கலாம். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே டேங்கில் அரை லிட்டர் முன்னே பின்னே போகும். 28 லிட்டரில் அரை லிட்டர் என்பது கிட்டத்தட்ட 2 சதவீதம். நீங்கள் தேடுகிற முன்னேற்றமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும். அதனால் ஒரு டேங்க் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், மூன்று டேங்க் சராசரி எடுங்கள். பங்க் தம்பிகள் ரவுண்டு தொகைக்காக 'டக்' ஆன பிறகும் இரண்டு மூன்று தடவை அழுத்துவார்கள், அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கிற கேனிஸ்டருக்குள் பெட்ரோலே போய் அதுவும் கெடும்.

நோட்டில் தேதி, ஓடோமீட்டர், லிட்டர், தொகை, இதோடு ஒரு கடைசிக் கட்டம் போடுங்கள். அதில் 'ஏசி முழுக்க', 'நாலு பேர்', 'மழை', 'ஒகேனக்கல் போய் வந்தது' என்று இரண்டு வார்த்தை. மூன்று மாதம் கழித்து ஒரு எண் விசித்திரமாகத் தெரியும்போது இந்தக் கட்டம்தான் பதில் சொல்லும்.

இனி நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து 1100 கிலோ எடையுள்ள வண்டியை 350 மீட்டர் தூக்க கிட்டத்தட்ட 3.8 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் போல இருக்கிறது, ஆனால் அதில் எஞ்சின் நமக்குக் கொடுப்பது கால் பங்கு முதல் 30 சதவீதம்தான். ஆக அந்த ஏற்றத்துக்கு மட்டும் தனியாக 0.4 லிட்டருக்கு மேல் செலவாகிறது. சமதளத்தில் 18 கொடுக்கிற வண்டி ஓசூர் போகும்போது 15, 16 காட்டும், திரும்பி வரும்போது 20ஐத் தாண்டும். இரண்டுமே வண்டியின் குற்றமோ பெருமையோ இல்லை. கிருஷ்ணகிரியில் ஃபுல் செய்து ஓசூரில் ஃபுல் செய்து வகுத்துப் பார்த்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தருமபுரி-சேலம் பாதையிலும் இதே கதைதான். போய்த் திரும்பி, புறப்பட்ட ஊரிலேயே நிரப்பி வகுக்க வேண்டும்.

ஓடோமீட்டரையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை கிலோமீட்டர் கற்களை வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் செல்போன் ஜிபிஎஸ் போதும். குறிப்பாக டயர் சைஸ் மாற்றிய வண்டியில் இது கட்டாயம். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் சக்கரத்தின் விட்டம் 2 சதவீதம் கூடும், ஓடோமீட்டர் 2 சதவீதம் குறைத்துக் காட்டும், மைலேஜ் விழுந்த மாதிரி தெரியும்.

பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் இன்றைய எண்ணை அதோடு நேராக ஒப்பிட வேண்டாம். இப்போது பங்கில் வருவது பொதுவாக இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. கணக்குப் போட்டால் கலப்பில்லாத பெட்ரோலைவிட இ20இல் 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறைவு, முன்பு வந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் 3 முதல் 4 சதவீதம். இது வண்டியில் கோளாறு இல்லை, திரவத்திலேயே இருக்கிற குறை. அதனால் இன்றைய பெட்ரோலில் மூன்று டேங்க் எடுத்து அதையே உங்கள் அடிப்படை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஓபிடி அடாப்டர்

2013க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சொருகுகிற ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரொம்ப மலிவானது சில வண்டிகளோடு பேசாது, திருப்பித் தர முடிகிற கடையில் வாங்குங்கள். செல்போனில் டார்க் (Torque) மாதிரி ஒரு ஆப் போதும். வீட்டுக்கு வந்ததும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள், விட்டுவைத்தால் நாள்கணக்கில் பேட்டரியைக் குடிக்கும். ஓட்டும்போது ஆப்பைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது பதிவு செய்துவிட்டு வீட்டில் பாருங்கள்.

நூறு எண் காட்டும், அதில் நமக்கு வேண்டியது நாலுதான்.

கூலன்ட் வெப்பம். நெடுஞ்சாலையில் 85 முதல் 95 டிகிரிக்குள் நிலையாக நிற்க வேண்டும். 70லேயே சுற்றிக்கொண்டிருந்தால், எஞ்சின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் டேஷ்போர்டு லைட்கூட எரியாது.

ஃபியூல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேலே எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு இருக்கும். நீண்ட கால ட்ரிம் பூஜ்யத்திலிருந்து 5 கூடவோ குறையவோ இருந்தால் நல்லது, 10ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கூட்டல் பக்கம் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிவு, அழுக்கான காற்று சென்சார், இல்லையென்றால் பலவீனமான பெட்ரோல் பம்ப். கழித்தல் பக்கம் என்றால் இன்ஜெக்டர் ஒழுகுவது போன்ற விஷயம். இ20 போடும்போது பழைய வண்டிகளில் இது 3, 4 புள்ளி கூட்டல் பக்கம் நகர்வது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

மூன்றாவது ஓ2 சென்சார், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. எஞ்சின் சூடான பிறகு, முன்பக்க சென்சார் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் இடையே வேகமாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும். சோம்பேறியாக நகர்ந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ சென்சார் முடிந்தது. இது கெட்டால் மைலேஜில் அடி பலமாக விழும். புதிய வண்டிகளில் இருக்கும் வேறு வகை சென்சாருக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

நாலாவது எம்ஏஎஃப், எஞ்சினுக்குள் ஒரு நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்பது. பெட்ரோல் எஞ்சினில் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்று கணக்கு. என் வண்டி நின்ற இடத்தில் ஐடிலில் 2 கிராம் காட்டுகிறது. 2ஐ 14.7ஆல் வகுத்து, 3600ஆல் பெருக்கி, ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையான 740 கிராமால் வகுத்தால் மணிக்கு 0.66 லிட்டர். இ20 என்றால் காற்று விகிதம் 13.5 பக்கம் வரும், இன்னும் கொஞ்சம் கூடும். ஏசி போட்டதும் அது 1 லிட்டரை நெருங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு, ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்காமல் உட்கார எனக்கு மனசே வரவில்லை. டீசல் வண்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே காற்றுக்கும் டீசலுக்கும் நிலையான விகிதம் கிடையாது.

படி 3: பணம் செலவில்லாத திருத்தங்கள், முதலில் பிரேக்

என் வண்டியின் பெரிய குற்றவாளி இங்கேதான் கிடைத்தது. ஒரு சாயங்காலம் ஓசூரிலிருந்து திரும்பும்போது சூளகிரியில் டீக்கு நிறுத்தினேன். இறங்கி இடது முன் சக்கரத்தைக் கடந்து போகும்போது முழங்காலில் அனல் அடித்தது. கை நீட்டினேன், தோசைக்கல் பக்கத்தில் கை வைத்த மாதிரி இருந்தது. கூடவே லேசாகத் தீய்ந்த வாடை. வலது பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே வெதுவெதுப்பு மட்டும். இரண்டு மாதம் முன்புதான் சர்வீஸ் விட்டு, பில்லில் பிரேக் சுத்தம் செய்ததாகப் போட்டுப் பணமும் வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் தெருமுனை மெக்கானிக் தம்பி ஜாக்கி போட்டுத் தூக்கி இரண்டு முன் சக்கரங்களையும் கையால் சுற்றினார். வலது சக்கரம் ஒன்றரைச் சுற்று போய் நின்றது. இடது, கை எடுத்ததும் நின்றது. பிரேக் கட்டையை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பரைக் கழற்றி, அது நகர்கிற ஸ்லைடு பின்னை உருவினால், ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இல்லாமல் துரு ஏறி, சாணைக்கல்லில் தேய்த்த மாதிரி சொரசொரப்பாக இருந்தது. "அண்ணா, வண்டி ஒரு காலை இழுத்துக்கிட்டே ஓடியிருக்கு," என்றார். பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் வைத்து, புது ரப்பர் போட்டார். அரை நாள் வேலை. அடுத்த மூன்று டேங்க் சராசரி 15.4இலிருந்து 16.7.

நீங்கள் சோதிக்க ஜாக்கி வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி, மெல்ல நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். இடதும் வலதும் ஒரே சூடாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. மாதம் ஒரு தடவை போதும். இரண்டு நிமிட வேலை, உயிருக்கும் நல்லது.

அடுத்து டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், காற்றுக் கடைக்காரர் சொல்வதல்ல, அதில் போட்டிருப்பதுதான் உங்கள் எண். நாலு பேர், லக்கேஜ் என்றால் அதற்கும் தனி எண் போட்டிருப்பார்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். சித்திரை வெயிலில் ஓடிவந்த டயரில் 37 காட்டுகிறது என்று நாலு பிஎஸ்ஐ இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது 29இல் நிற்கும். ஒரு நல்ல பிரஷர் கேஜும் சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்ன கம்ப்ரசரும் வாங்கிவிடுங்கள், நான் செய்த செலவுகளிலேயே சிறந்தது அதுதான். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், காற்றால் மட்டும் மைலேஜ் எகிறிவிடாது. நாலு டயரிலும் 5 பிஎஸ்ஐ குறைந்தால் 1 சதவீதம் போலத்தான் நஷ்டம். ஆனால் காற்றுக் குறைந்த டயர் ஓரத்தில் தேயும், வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் வெடிக்கும். மைலேஜ் வேண்டும் என்று 40க்கு ஏற்றுவதும் தப்பு, நடுவில் தேய்ந்து, மழையில் பிடிப்பு போய்விடும்.

மேலே கேரியர் இருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள். நம்ம பக்கம் மாம்பழ சீசனில் சொந்தக்காரர்களுக்குப் பெட்டி கொண்டுபோகப் போட்ட கேரியர், ஆடி, ஆவணி எல்லாம் தாண்டி பொங்கல் வரை வெறுமனே காற்றைக் கிழித்துக்கொண்டு கூடவே வரும். வெறும் கேரியரே நெடுஞ்சாலையில் நன்றாகத் தெரிகிற அளவுக்குத் தின்னும். டிக்கியில் கிடக்கிற சாமானும் அப்படித்தான், 45 கிலோ கூடினால் சின்ன வண்டியில் 1 சதவீதம் போல் போகும். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மட்டும் எடுக்காதீர்கள்.

வீல் அலைன்மென்ட் பற்றி எல்லோருக்கும் தெரியும், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அல்லது பெரிய பள்ளத்தில் இறங்கியதும் பாருங்கள்.

படி 4: செய்யத் தகுந்த சின்ன மாற்றங்கள்

எஞ்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதை இப்போதே குனிந்து பாருங்கள். பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் கிராமத்து ரோட்டில் கல் இடித்து, இல்லையென்றால் உயரமான ஸ்பீடு பிரேக்கரில் உரசி அது பாதி கிழிந்து தொங்கும், மெக்கானிக் 'இது எதுக்கு' என்று பிடுங்கிப் போட்டுவிடுவார். வண்டிக்கு அடியில் ஓடுகிற காற்றை ஒழுங்குபடுத்துவது அதுதான். புதுசு வாங்கி, உடைந்த கிளிப்புகளையும் மாற்றி மாட்டுங்கள். சேறும் மேலே ஏறாது.

டயர் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் அதே சைஸில், உருளும் தடை குறைந்த டயர் கேளுங்கள். அழகுக்காக ஒரு இஞ்ச் பெரிய வீல், அகல டயர் போட்டால் எடையும் கூடும், தடையும் கூடும், மைலேஜ் இறங்கும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை.

ஆயில் கையேட்டில் என்ன தடிமன் போட்டிருக்கிறதோ அதுவே. 0டபிள்யூ-20 கேட்கிற எஞ்சினில், நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சரியான தடிமனுக்குத் திரும்பினால் 1 முதல் 2 சதவீதம் திரும்பக் கிடைக்கும். குறித்த நேரத்தில் பிளக் மாற்றுவதும் இதே கணக்கில் சேரும்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. கார்புரேட்டர் காலத்தில் அழுக்கு ஃபில்டர் மைலேஜைக் கெடுத்தது உண்மை. இன்ஜெக்ஷன் வண்டியில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும், இழுவைதான் குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. கிரானைட் குவாரி பக்கம் தூசியில் ஓடுகிறவர்கள் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக அடிக்கடி மாற்றுங்கள், மைலேஜுக்காக வேண்டாம்.

படி 5: வாங்கக் கூடாதவை

பெட்ரோல் குழாயில் மாட்டுகிற காந்தம், ஓபிடியில் சொருகுகிற 'சேவர்' சிப், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிற கிட், டேங்கில் ஊற்றுகிற மாத்திரை. எதுவும் வேண்டாம். அந்த சிப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது மின்னுகிற எல்இடி விளக்குதான். முன்பக்கம் கிரில்லை அட்டை வைத்து மூடுகிற வேலை குளிர் நாட்டுக்காரர்கள் செய்வது. மே மாதம் தருமபுரி-சேலம் சாலையில் தொப்பூர் கணவாய் ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்று போகாவிட்டால் எஞ்சின் ஹெட் போய்விடும். முன்னால் போடுகிற இரும்பு பம்பர் எடையும் காற்றுத் தடையும் சேர்க்கும், நடந்து போகிறவருக்கும் ஆபத்து, 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது. எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதும் ரீமேப்பை மைலேஜுக்காக யாரும் செய்ய வேண்டியதில்லை, வாரண்டியும் போகும்.

படி 6: ஓட்டுவது, தொப்பூர் உட்பட

வேகம்தான் இதில் பெரியது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இல் இருப்பதைவிட 100இல் 56 சதவீதம் கூடுதல். நான் 100ஐ விட்டு 80, 85க்கு வந்தேன். கிருஷ்ணகிரி-ஓசூருக்கு 6, 7 நிமிடம் போலக் கூடியது, மைலேஜ் 16.7இலிருந்து 17.8 ஆனது. மிச்சம் 0.4, கேரியரும் காற்றும் அடித்தட்டும் சேர்ந்து கொடுத்தவை. நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுங்கள், ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கி ஓட்டுவது லாபம். ஏற்றத்தில் 5வது கியரில் திணறவிடாமல் 4க்கு இறக்குங்கள். டோலுக்கு முன்னால் வரிசை தெரிந்ததும் 300 மீட்டர் முன்பே காலை எடுத்துவிடுங்கள்.

இனி தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது, பாளையம் டோல் தாண்டி இறக்கம் தொடங்கியதும் நியூட்ரல் போட்டு விடுகிற பழக்கம் லாரிக்காரர்களிடம் மட்டும் இல்லை. என் மாமனார் 30 வருடமாக அப்படித்தான் இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிப் பார்த்தேன். "மாப்ளே, எஞ்சின் சுத்துறது குறைஞ்சா பெட்ரோல் குறையும், இதுல என்ன இருக்கு," என்றார். கார்புரேட்டர் வண்டிக்கு அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் அது தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும், கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை முழுசாக மூடிவிடும், ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க மணிக்கு 0.66 லிட்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

அவருக்கு ஓபிடியில் காட்டினேன். ஒரு எச்சரிக்கை: எம்ஏஎஃப் வைத்துக் கணக்குப் போடுகிற ஆப் இந்த நேரத்திலும் கொஞ்சம் பெட்ரோல் போவதாகக் காட்டும், ஏனென்றால் காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஓ2 வோல்ட்டைப் பார்க்க வேண்டும். ஆடிக்கொண்டிருந்த எண், காலை எடுத்த ஓரிரு நொடியில் 0.1க்குக் கீழே விழுந்து அப்படியே படுத்துவிட்டது, அதாவது வெளியே வருவது வெறும் காற்று. சாலை சமமான இடத்தில் நியூட்ரல் போட்டுக் காட்டினேன், உடனே மறுபடி ஆடத் தொடங்கியது. மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இத்தனை வருஷம் இதைச் சொல்ல ஆள் இல்லையே," என்றார்.

பெட்ரோலைவிடப் பெரிய விஷயம் பிரேக். நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு போய்விடும், வண்டியின் முழு எடையையும் பிரேக்கே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போகும். அந்தக் கணவாயில் நடந்த விபத்துகளை நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு, இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகும், ஸ்டியரிங்கும் கனக்கும். 3வது கியரில் இறங்குங்கள், முன்னால் லாரி மெதுவாகப் போனால் 2வது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

படி 7: தொடர்ந்து பார்ப்பது

ஒவ்வொரு தடவையும் பங்கில் இரண்டு வரி எழுதினால் போதும். நோட்டு பிடிக்காவிட்டால் செல்போனில் எக்செல். 3 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாதீர்கள், அது காற்று, மழை, பம்ப் 'டக்' ஆகிற நேரம் எல்லாம் சேர்ந்த ஆட்டம். 18 கொடுக்கிற வண்டி 17.5 கொடுத்தால் ஒன்றுமில்லை. தொடர்ந்து இரண்டு டேங்க் 17க்குக் கீழே போனால் கிளம்புங்கள். முதலில் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், ஏசியோ ஆட்களோ கூடியதா. அடுத்து காலைக் குளிரில் டயர் காற்று. அடுத்து நாலு சக்கரத்தின் சூடு. அதற்கும் பிறகு ஓபிடியில் கூலன்ட், ட்ரிம், ஓ2 இந்த வரிசையில். இவ்வளவும் சரியாக இருந்தால், 5வது கியரில் ஏற்றத்தில் அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா பாருங்கள், அப்படியென்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதன் பிறகுதான் சர்வீஸ் சென்டர், அங்கே போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். போன மாதம் 18.1, இந்த மாதம் 16.6, இடது பின் சக்கரம் சூடாகிறது என்று எழுதியதைக் காட்டிக் கேட்டால், 'எல்லாம் நார்மல் சார்' என்று சொல்லி அனுப்ப அவர்களால் முடியாது.